தனிமரம் தோப்பாகுமா?

"தனிமரம் தோப்பாகாது" என்பது நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் பழமொழி. சுற்றத்தாரை விட்டு ஒதுங்கி வாழ்பவனைக் குறித்துப் பேசும்போதும், ஊர்க் காரியமொன்றுக்கு நாலு பேரைச் சேர்க்கும்போதும் பெரியோர் இதனை எடுத்தாள்வர். மனிதனைக் குறித்து வழங்கும் இம்மொழியை இவ்வாரம் நாம் மரத்தைக் குறித்ததாகவே வைத்துக்கொண்டு சற்றுச் சிந்திப்போம். சிந்திக்கப் புகுந்தால், பழமொழி சொல்லாமல் விட்ட ஒன்றும் புலப்படும். ஒரு தாய் ஈன்ற பிள்ளைகளான ஆயிரம் மரங்கள் வரிசை வரிசையாக நின்றாலும், அதுவும் உண்மையான தோப்பாகாது என்பதே அது.

இதனை விளக்குவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் மரம் சாவண்டலை. சிங்கள மக்கள் இதனை ஹல்மில்ல என்பர். ஆயினும் கடல் கடந்த மரச் சந்தையில் இதற்கு வழங்கிய பெயர் வேறு. "திருக்கோணமலை மரம்" என்றே அங்குள்ள வணிகர் இதனை அழைத்தனர். நம் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்றமையால் நம் ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ஊருக்கு இத்தகைய பெருமை தேடித் தந்த மரத்தை இன்று நம் மாணவருள் எத்தனை பேர் காட்டில் இனங்காண வல்லார்? ஓக்கு என்ற ஆங்கில மரத்தைப் பாடப் புத்தகத்தில் படித்து அதன் பெருமையை ஒப்புவிப்பர். அந்த ஓக்கு நம் இலங்கையிலும் இல்லை, தமிழ்நாட்டு மலைகளிலும் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் ஓக்கு அவர்களுக்கு எதுவோ, அதுவே நமக்குச் சாவண்டலை என்று சொன்னால் அது மிகையாகாது.

கப்பலும் பீப்பாவும்

ஓக்கு மரத்தினால் ஐரோப்பியர் செய்த காரியங்கள் பல. அவற்றுள் தலையானவை இரண்டு. ஒன்று கப்பல், மற்றொன்று பீப்பா. அலையின் அறைதலைத் தாங்கும் உறுதியும், உள்ளே வைத்த திரவத்தைக் கசியவிடாத இறுக்கமும் அம்மரத்துக்கு உண்டு. இவ்விரு குணங்களையும் நம் முன்னோர் சாவண்டலையிடம் கண்டனர்.

சென்னைப் பட்டினத்தில் 1870களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கும் வரை, வந்த கப்பல்கள் யாவும் கரைக்கு அப்பால் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்ப்பவை மசூலாப் படகுகள். சென்னைக் கடற்கரையில் மோதும் அலை சாதாரணமானதன்று. சாதாரணப் படகு அதில் அகப்பட்டால் சிதறிப் போகும். அந்த அலையோடு நாள்தோறும் போராடிய மசூலாப் படகுகளுக்குத் திருக்கோணமலை மரத்தைப் பயன்படுத்தினர் என்று, இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமேர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் எழுதியுள்ளார். நம் காட்டு மரமும் சோழமண்டலக் கடலும் இவ்வாறு நெடுங்காலம் உறவு கொண்டிருந்தன.

பீப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பீப்பாக்களுக்கு இம்மரம் பெயர் பெற்றது. தென்னஞ் சாராயத்தை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும் பெரும் தொட்டிகளையும் இம்மரத்தாலேயே செய்தனர். மதுவை வெறுக்கும் நம் போன்றோர்க்கு இச்செய்தி உவப்பாகாது. எனினும் மரத்தின் குணத்துக்கு அது ஒரு சான்று என்ற அளவில் ஏற்றுக்கொள்வோம். வண்டிச் சட்டம், துடுப்பு, உழவுக் கருவிகளின் பிடி என்று வீட்டுக்கும் வயலுக்கும் உதவியதை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

மரத்தைத் தேடிக் கப்பல்கள் நம் கரைக்கு வந்த கதையும் உண்டு. ஈச்சிலம்பற்றுக்கு வடக்கே விரிந்திருப்பது கொட்டியாரக் குடா. 1659ஆம் ஆண்டு மசூலிப்பட்டினக் கடற்கரையருகே புயலில் அகப்பட்டு நடுப் பாய்மரத்தை இழந்த "ஆன்" என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நிறுத்துவதற்காக இக்குடாவை வந்தடைந்தது. அதன் தலைவரும், அவர் மகன் இறொபேட் நொக்சும், உடன் வந்த மாலுமியர் சிலரும் 1660ஆம் ஆண்டு கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பட்டனர். தந்தை இங்கேயே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நாட்டிலே கழித்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் வெளியிட்ட நூல் இன்றும் நம் சரித்திர மாணவர்க்கு ஓர் அரிய மூலநூல். ஒரு பாய்மரத் தண்டை இழந்திராவிட்டால் அந்நூல் பிறந்திராது.

ஓக்கு மரத்தின் கதையில் நாம் கற்க வேண்டிய பாடமொன்றும் இருக்கிறது. பிரித்தானியக் கடற்படைக்கு நம் துறைமுகத்தின் பெயரையே தாங்கிய போர்க்கப்பல் ஒன்று உண்டு. 1817ஆம் ஆண்டு அது வெள்ளோட்டம் விடப்பட்டது இங்கிலாந்தில் அன்று; பம்பாயில், வாடியாக் குடும்பத்தாரின் பட்டறையில். கட்டிய மரமும் ஓக்கு அன்று, தேக்கு. காரணம் என்னவெனில், நெப்போலியனோடு நடந்த நெடும் போர்களில் கப்பல் கட்டிக் கட்டி இங்கிலாந்தில் ஓக்கு மரத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது. "திருக்கோணமலை" என்னும் அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் அருங்காட்சிப் பொருளாக மிதந்துகொண்டிருக்கின்றது. கோடரி ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு வித்து நூறாண்டு கேட்கும் என்பதை அவர்கள் அன்று உணர்ந்தார்கள்.

மரத்தை அறிந்துகொள்வோம்

வவுனியா தொடங்கி மட்டக்களப்பு வரையுள்ள நம் உலர்வலயக் காடுகளில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்களின் நடுவே சாவண்டலையும் வளரும். தென்னிந்தியா, அந்தமான், பர்மா முதலிய நாடுகளிலும் இது உண்டு. இலையைக் கண்டதும் அரசிலையை நினைப்பீர்கள். அடி அகன்று, நுனி குறுகி, இதய வடிவில் இருக்கும். தாவர நூலார் வைத்த பெயரின் பிற்பகுதியாகிய "கோடிபோலியா" என்பதற்கும் இதய வடிவ இலையுடையது என்பதே பொருள். முற்பகுதியாகிய "பெரியா" என்பது சென்னையில் வாழ்ந்த மருத்துவரும் தாவர ஆராய்ச்சியாளருமான அந்திரூ பெரி என்பவரின் நினைவாக இடப்பட்டது.

பூ வெண்மையாய்க் கொத்துக் கொத்தாக மலரும். காயோ பார்க்கத் தக்க விசித்திரம். சிறு உருண்டையைச் சுற்றி மெல்லிய தாள் போன்ற ஆறு சிறகுகள் விரிந்து நிற்கும். காற்றுக் காலத்தில் அது சுழன்று சென்று தாயின் நிழலுக்கு அப்பால் விழும். பிள்ளை தாயின் காலடியிலேயே கிடந்து வெயிலுக்கு ஏங்கலாகாது என்று இயற்கையன்னை செய்த ஏற்பாடு அது. மாணவச் செல்வங்களே, அந்த வித்தை வெறுங்கையால் கசக்கிவிடாதீர்கள். அதன் மேலுள்ள விறைப்பான மயிர் தோலிற் பட்டால் நமைச்சல் எடுக்கும். துணியால் கையைச் சுற்றிக்கொண்டு எடுப்பது நன்று.

ஒரு மரம் எவ்வளவு மாறும்?

இனி நம் பழமொழிக்கு வருவோம். மனிதர் ஒருவரைப் போல் ஒருவர் இல்லாதது போலவே, ஒரே இனத்து மரங்களும் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று நெடிது நிமிர்ந்து வளரும். மற்றொன்று கிளைத்துப் பரவும். ஒன்று மழையில்லாத ஆண்டையும் தாங்கும். மற்றொன்று வேரில் நீர் நின்றாலும் அழுகாது. புழுவுக்கு இரையாவதும் உண்டு. புழு தீண்டாததும் உண்டு. இக்குணங்களைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கொண்டு செல்பவை உடலின் கலங்கள் தோறும் உறையும் பரம்பரையலகுகள். ஓக்கு மரத்தின் பரம்பரையலகுகளைப் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் தலைமையில் ஒரு குழுவினர் முழுமையாக வாசித்து, 2018ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவற்றின் தொகை ஏறத்தாழ 26,000. ஒவ்வோர் அலகிலும் சிறு சிறு வேறுபாடுகள் மரத்துக்கு மரம் உண்டு. இவ்வேறுபாடுகளின் மொத்தத்தையே பிறப்புரிமையியல் அறிஞர் ஓர் இனத்தின் பரம்பரைச் செல்வம் என்று கருதுகின்றனர்.

இச்செல்வம் எங்கே பிறக்கின்றது? நூற்றாண்டுகள் வாழும் மரம் தன் வாழ்நாளிலேயே மாறிக்கொண்டு போகாதா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சுவிற்சர்லாந்து நாட்டின் உலோசான் பல்கலைக்கழக வளவில் ஓர் ஓக்கு மரம் நிற்கின்றது. 1800ஆம் ஆண்டு நெப்போலியன் தன் படையோடு அவ்வழியே சென்றபோது அது இளமரமாய் நின்றதாம்; ஆதலின் நெப்போலியன் ஓக்கு என்றே அதற்குப் பெயர். அம்மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு பிடி இலையும், உச்சிக் கிளையிலிருந்து ஒரு பிடி இலையும் பறித்து, இரண்டின் பரம்பரை எழுத்துக்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2017ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். 234 ஆண்டு வளர்ச்சியில் இரு கிளைகளுக்கும் இடையே அவர்கள் உறுதியாகக் கண்ட எழுத்து மாற்றங்கள் 17 மாத்திரமே. கோடிக்கணக்கான எழுத்துக்களில் பதினேழு!

மரம் தன் குலத்தின் ஏட்டை எவ்வளவு பத்திரமாகக் காத்து வைக்கின்றது என்று வியக்கிறோம். அதே வேளை இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இழந்த வேறுபாட்டை மரம் விரைவில் மீண்டும் உண்டாக்கிக்கொள்ள மாட்டாது. இன்று நம் காட்டில் நிற்கும் மரங்களிடையே காணும் வேறுபாடு பல்லாயிரம் ஆண்டுகளில், தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த முதல். அம்முதலைச் செலவழித்துவிட்டால் வட்டிக்கு வாங்கவும் கடை இல்லை.

குடி மாறிக் கொள்ளும் உறவு

கிழக்கிலங்கையில் குடி என்னும் முறை உண்டென்பது வாசகர்கள் அறிந்ததே. தாய் வழி வரும் ஒரே குடிக்குள் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை. மனிதரிடையே அவ்விதி எவ்வாறு எழுந்தது என்பது தனி ஆராய்ச்சி. மரங்களுக்கும் அப்படியொரு விதியை இயற்கை வகுத்திருக்கின்றது என்பதே இங்கு நாம் சொல்ல வந்தது. ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பூவைச் சேர வேண்டும். அப்போதுதான் தாயின் பாதியும் தந்தையின் பாதியும் கலந்து, இருவரிடமும் இல்லாத புதிய சேர்க்கை பிள்ளையிடம் உண்டாகும். ஓக்கு மரத்துக்கு இத்தொண்டைக் காற்றுச் செய்கின்றது. பூச்சிகளை நம்பியிருக்கும் மரங்களோ இன்னும் சிக்கலில் அகப்பட்டவை. பூச்சி பறந்து செல்லும் தூரத்துக்குள் உறவுமரம் இருக்க வேண்டும்.

காட்டை வெட்டி, நடுவிலே ஒரே ஒரு மரத்தை மட்டும் இரக்கப்பட்டு விட்டுவைத்தோம் என்று கொள்வோம். அது தழைத்து நிற்கும், நிழலும் தரும், பறவைக்கும் இடங்கொடுக்கும். ஆனால் அதன் பூவுக்கு வேறு மகரந்தம் வருவது அரிதாகும். தன் மகரந்தத்தாலேயே விளைந்த வித்துக்கள் பொதுவாக வலுக்குன்றியவை. முளைப்பதும் குறைவு, முளைத்ததும் நோஞ்சானாகும். சில இனங்களில் அப்படிப்பட்ட மரம் காய்க்காமலே நின்று முதுமையடையும். வெளியே பசுமையாய்த் தோன்றும் அம்மரம் உண்மையில் வாரிசற்ற முதியவரைப் போன்றது. தனிமரம் தோப்பாகாது என்று முன்னோர் சொன்னது இங்கு எழுத்துக்கு எழுத்து மெய்யாகின்றது.

மற்றொரு கேடும் உண்டு. காட்டில் மரம் வெட்டப் போகிறவன் எதனை வெட்டுவான்? நேரானதை, பருத்ததை, வைரம் பாய்ந்ததை. கோணலும் பொந்தும் உள்ளது தப்பிப் பிழைக்கும். பிழைத்ததுதான் வித்துத் தரும். விவசாயி செய்வதோ இதற்கு நேர்மாறு. நெற்கதிரில் நல்லதைத் தெரிந்து வித்துக்கு வைத்துவிட்டு, மற்றதையே உண்கின்றான். நல்லதை உண்டு பதரை விதைப்பவனை நாம் மூடன் என்போம். ஆனால் காட்டிலே நூற்றாண்டுகளாக நாம் செய்து வந்தது அதுவேதான். மசூலாப் படகுக்கும் பீப்பாவுக்கும் சென்ற மரங்கள் தம் இனத்தில் தலைசிறந்தவை என்பதை மறந்துவிடலாகாது.

ஒரே சாயல் கொண்ட கூட்டம்

வேறுபாடு இல்லாத கூட்டத்துக்கு நேர்ந்த கதிக்கு உலகத்திலே சான்றுகள் பல. இங்கிலாந்தில் எல்ம் என்றொரு மரம் வயல் வேலிகளெங்கும் நின்றது. வேரிலிருந்து கன்று வெடித்துப் பரவும் அம்மரம், உரோமர் காலத்தில் கொண்டுவந்த ஒரே மரத்தின் வழியில் வந்த பிரதி என்று 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகின்றது. கோடிக்கணக்கில் நின்றும் அது ஒரே மரமே. 1970களில் பூஞ்சண நோயொன்று பரவியபோது, ஒன்றைக் கொல்ல வல்ல நோய் எல்லாவற்றையும் கொல்ல வல்லதாயிற்று. பிரித்தானியாவில் அந்நோயால் மடிந்த எல்ம் மரங்களின் தொகை இரண்டரைக் கோடிக்கும் மேல் என்பர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலைநாட்டையே பாருங்கள். இன்று தேயிலை மூடியிருக்கும் மலைகளில் ஒரு காலத்தில் கோப்பி விளைந்தது. உலகெங்கும் பயிரான அராபிக்காக் கோப்பி மிகச் சில செடிகளின் சந்ததி. 1869ஆம் ஆண்டு இலைத்துரு நோய் இலங்கையில் அறியப்பட்டது. 1880ஆம் ஆண்டளவில் இங்கு வந்து அந்நோயை ஆராய்ந்த மார்சல் உவாட் என்னும் அறிஞர், இடையே தடையின்றி மலை மலையாக ஒரே பயிரை வைத்ததே நோய்க்கு வழி விட்டது என்று எடுத்துக் காட்டினார். கேட்பதற்குக் காலம் கடந்துவிட்டது. இருபது முப்பது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. தோட்டத் துரைமார் கடனாளியாயினர். கூலிக்கு வந்த நம் தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து அலைந்தனர். ஓர் இலையில் விழுந்த புள்ளி எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தது என்பதைச் சரித்திர நூல்களிற் படித்தறியலாம்.

ஆதலின் நாட்டில் இன்று பெருகிவரும் மரநடுகை விழாக்களைக் குறித்து ஒரு சொல் சொல்லத் துணிகிறோம். ஆயிரம் கன்று நட்டோம், பத்தாயிரம் கன்று நட்டோம் என்று எண்ணிக்கையைச் சொல்லி மகிழ்கிறோம். நல்ல முயற்சிதான், அதனைக் குறை கூறுவது நம் கருத்தன்று. ஆனால் அக்கன்றுகள் யாவும் வீதியோரத்தில் கைக்கெட்டும் ஒரே மரத்தின் வித்திலிருந்து வந்தவையாயின், நாம் நட்டது தோப்பன்று. ஒரு தாயின் பிள்ளைகளையே ஊர் முழுவதும் குடியமர்த்திவிட்டோம். அவை வளர்ந்து பூக்கும் நாளில் உடன்பிறந்தாரிடையே உறவு கொள்ள நேரும். கன்றின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் தாய்மரங்களின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும்.

ஈச்சிலம்பற்றில் நின்று நோக்கின்

ஒரு புறம் கடலும் களப்பும், மறுபுறம் வயலும் காடும், தெற்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறும் சூழ அமைந்தது ஈச்சிலம்பற்று. சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்கு ஆவணித் திருவிழாவில் யாத்திரை வரும் அடியார்கள் இந்நிலத்தின் அழகை அறிவர். காட்டையே நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களும் இங்கு உளர். இந்நிலம் அண்மைக் காலத்திற் பட்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. 2004ஆம் ஆண்டு மார்கழியில் கடல் பொங்கிற்று. 2006ஆம் ஆண்டு போரினால் மக்கள் ஊரை விட்டு ஓடினர். மீண்டு வந்தபோது பலருக்குக் கூரையுமில்லை, கதவுமில்லை.

கதவு நிலைக்கு மரம் தேடிக் காட்டுக்குள் போகும் ஏழையை நோக்கி, "பரம்பரைச் செல்வத்தைக் காப்பாற்று" என்று உபதேசம் செய்வது எளிது. வயிறு நிறைந்தவனின் உபதேசம் அது. அவனைக் குற்றவாளியாக்கி இக்கட்டுரையை முடிக்க நாம் விரும்பவில்லை. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அரச காட்டில் அனுமதியின்றி மரம் தறிப்பது குற்றம். சட்டம் வேண்டியதே. ஆனால் சட்டம் மட்டும் காட்டைக் காத்ததாகச் சரித்திரம் இல்லை. தன் வளவிலும் வயலோரத்திலும் வீட்டுத் தேவைக்கான மரத்தை வளர்த்துக்கொள்ள ஏழைக்கு வழி செய்துகொடுத்தால், காட்டுத் தாய்மரத்தின் மீது அவன் கோடரி விழாது. வளவு மரம் வெட்டுவதற்கு. காட்டு மரம் வித்துக்கு. இவ்விரண்டையும் பிரித்து வைப்பதே முறை.

நெல் வித்தாயின் களஞ்சியத்தில் வைக்கலாம். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்களைக் காத்து வைப்பதற்குப் பேராதனைக்கு அருகில் கன்னொறுவையில் அரசாங்கம் குளிரறை அமைத்திருக்கின்றது. ஓக்கு மரத்துக்கு அந்த வசதியும் இல்லை. அதன் வித்து உலர்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே அதனை உயிருள்ள மரமாகவே காக்க வேண்டியிருக்கிறது. உலகிலுள்ள ஏறத்தாழ 430 ஓக்கு இனங்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கில், 113 இனங்கள் அழிவை எதிர்நோக்குகின்றன என்று கண்டனர். பல நாட்டுப் பூங்காக்கள் ஒன்றுகூடி, ஒரே இனத்தின் பல தாய்வழிக் கன்றுகளைப் பகிர்ந்து வளர்க்கத் தொடங்கியுள்ளன. நமக்கோ அவ்வளவு செலவும் வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் காடே நம் களஞ்சியம். அதன் கதவைத் திறந்து போடாதிருந்தாற் போதும்.

செய்யத் தக்கவை

பள்ளி மாணவரும் சன சமூக நிலையத்தாரும் மேற்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, வித்தைப் பல மரங்களிலிருந்து சேர்த்தல். வனநூலார் கைக்கொள்ளும் பொது விதி, முப்பது தாய்மரங்களுக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று நூறு யாராயினும் தள்ளி நிற்கும் மரங்களாகப் பார்த்துச் சேர்ப்பது. அருகருகே நிற்பவை பெரும்பாலும் உறவுமரங்களாயிருக்கும். முப்பது கிடையாதாயின் பத்தேனும் ஆகுக, ஒன்றோடு நிறுத்தலாகாது.

இரண்டாவது, தொலைதூர வித்தைத் தேடி ஓடாமை. வெருகலாற்றங்கரை மண்ணுக்கும் மழைக்கும் பழகிய மரத்தின் பிள்ளையே அங்கு நன்கு வளரும். இன்ன காட்டில், இன்ன நாளில், இத்தனை மரத்தில் எடுத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பிற்காலத்தார்க்கு அக்குறிப்பு வித்தினும் பெறுமதியாகும்.

மூன்றாவது, நடும்போது கலந்து நடுதல். ஒரு தாயின் கன்றுகளை ஒரு பாத்தியிலும், மற்றொரு தாயின் கன்றுகளை வேறோர் ஊரிலும் வைத்தால் சேர்த்ததன் பயன் போய்விடும். பூச்சி பறந்து செல்லக்கூடிய அளவுக்குள் பல தாய்வழிக் கன்றுகள் கூடி நிற்க வேண்டும். வீதி நெடுகத் தனித்தனியாக ஒவ்வொன்று நடுவதிலும், குளக்கட்டுக்குக் கீழோ கோயில் வளவிலோ ஐம்பது மரம் ஒருங்கே நிற்பது மேல்.

நான்காவது, பழைய பெருமரங்களை ஊரார் கணக்கெடுத்து வைத்தல். வீட்டிலுள்ள பாட்டனாரையும் பாட்டியாரையும் கேளுங்கள். எந்த ஓடைக்கருகில் சாவண்டலை நின்றது, எந்தக் காட்டில் வண்டிக்கு மரம் எடுத்தார்கள் என்பது அவர்கள் நினைவில் இருக்கும். அந்நினைவும் ஒரு களஞ்சியம். அதுவும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றது. வருகின்ற விடுமுறையில், மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் நிற்கும் சாவண்டலை மரங்களை எண்ணி, இடத்தைக் குறித்து, தத்தம் ஆசிரியரிடம் கொடுப்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும். எண்ணும்போது, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் எவ்வளவு தூரம் என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.